சோப்பு கலந்த நீரைக் காற்று தள்ளும்போது: தெளிப்பான் குழாயில் மிஞ்சுவது எங்கே, ஏன்?

மாசியில் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நெல் தரிசில் பருத்தி ஊன்றுவார்கள். ஆழ்குழாய்க் கிணறு இருக்கிற இடங்களில் அதே நேரம் வரப்புக்கு அந்தப் பக்கம் கோடை நெல் நிற்கும். நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிப்பார்கள். பருத்திக்குச் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து போகும். பல ஊர்களில் இரண்டுக்கும் ஒரே தெளிப்பான்தான். கூலிக்கு மருந்து அடிப்பவர் காலையில் ஒரு வயல், மாலையில் வேறு வயல் என்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். டேங்கை இரண்டு முறை அலசிக் கொட்டியிருப்பார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சில நாளில் பருத்தியின் புது இலைகள் அகலம் குறைந்து, விரல் விரலாகப் பிளந்து, வெண்டை இலை போல நீளும். உளுந்து என்றால் தண்டு முறுக்கிக்கொள்ளும். 2,4-டி மிகச் சிறிய அளவிலேயே பருத்தியைக் கெடுக்கக்கூடியது.

டேங்கு சுத்தமாகத்தான் இருந்தது. மருந்து நின்றது டேங்குக்கு அப்பால்: பம்பின் வால்வுகளில், ரப்பர் குழாயில், கையில் பிடிக்கும் தெளிப்புக் குழலில், நாசிலுக்குள் உள்ள சல்லடையில். டேங்கு காலியானதும் பம்பு காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது. அந்தக் காற்று முன்னால் நிற்கும் திரவத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. நாசிலில் இருந்து வெறும் காற்று வந்ததும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். காற்று வெளியே வந்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். திரவம் முழுக்க வெளியேறியதா என்பது தனிக் கேள்வி. மருந்தோடு சோப்பு, டீபால், ஸ்டிக்கர் என்று பரப்புச் செயலி (நீரின் மேற்பரப்பு இழுப்பைக் குறைக்கும் பொருள்) ஏதாவது கலந்திருந்தால் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் இன்னும் கூடும். சோப்பு காற்றுக்குக் கதவைத் திறந்துவிடும். அதே சோப்பு குழாய்ச் சுவரில் திரவத்தைக் கூடுதலாக விட்டுவைக்கும்.

காற்று உள்ளே நுழையத் தேவையான அழுத்தம்

நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பே பரப்பு இழுவிசை. 30 டிகிரி வெப்பத்தில் தூய நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 71 மில்லிநியூட்டன். சோப்பு அல்லது டிடர்ஜென்ட் போதிய அளவு கரைந்தால் 30-க்குப் பக்கமாக இறங்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் வகை ஸ்டிக்கர்கள் 20 முதல் 22 வரைகூட இறக்கிவிடும். இலை மேல் மருந்து முத்து முத்தாக உருளாமல் படர்வதற்குக் காரணம் இதுதான். நெல் இலை, வாழை இலை போல மெழுகுப் பூச்சுள்ள இலைகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நீர் நிறைந்த ஒரு சிறு துளைக்குள் காற்று நுழைய வேண்டுமானால் அந்தத் தோலை வளைத்துத் தள்ள வேண்டும். அதற்குத் தேவையான அழுத்தம், பரப்பு இழுவிசையின் இரு மடங்கைத் துளையின் ஆரத்தால் வகுத்தால் வரும். துளை சிறுத்தால் அழுத்தம் ஏறும். இழுவிசை குறைந்தால் இறங்கும்.

நாசிலுக்குப் பின்னால் இருக்கும் சல்லடையை எடுத்துக்கொள்வோம். 50 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 50 கண், என்றால் ஒரு கண்ணின் அகலம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நனைந்த சல்லடையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நீர்த்தோல் கட்டி நிற்கிறது. அதைக் கிழித்துக் காற்று போக, தூய நீருக்குச் சுமார் 950 பாஸ்கல் வேண்டும். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர நீரின் எடை அது. ஆகவே சல்லடைக்கு மேல் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் திரவம், குழலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் இறங்காமல் தொங்கும். மேலிருந்து காற்று வரவும் வழியில்லை, கீழிருந்து நுழையவும் வழியில்லை. சோப்பு கலந்தால் இந்த 10 சென்டிமீட்டர் 4 ஆகக் குறைகிறது. குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. நாசிலையும் சல்லடையையும் கழற்றாமல் தெளிப்புக் குழலை வடிக்க முடியாது என்பதன் காரணம் இவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் தெரியும்: சல்லடையைக் கையில் எடுத்த நொடியிலேயே குழலில் தங்கியிருந்த மருந்து மளமளவென்று கொட்டும்.

வயல் மண்ணிலும் இதே கணக்குதான். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள மண்துளையில் இருந்து நீரைக் காற்று வெளியேற்ற ஒன்றரை மீட்டர் நீர்மட்ட இறக்கத்துக்குச் சமமான இழுப்பு வேண்டும். 1 மைக்ரோமீட்டர் துளைக்கு அது பத்து மடங்கு. டெல்டாவின் களிமண் பாங்கான வயல் தண்ணீர் வடிந்த பிறகும் நாள்கணக்கில் கருத்து ஈரமாக இருப்பது இதனால்தான். துணி துவைத்த நீர் தொடர்ந்து பாயும் கொல்லைகளில் இந்தப் பிடிப்பு தளரலாம்; மண்நீரின் இழுவிசை 30-க்கு இறங்கினால் அதே துளை, ஒன்றரை மீட்டருக்குப் பதில் 60 சென்டிமீட்டர் இழுப்பிலேயே காலியாகிவிடும்.

சுவரில் ஒட்டி நிற்கும் படலம்

நுழைந்த காற்று குழாய்க்குள் ஒரு நீண்ட குமிழியாக முன்னேறுகிறது. பிஸ்டன் போலச் சுவரைத் துடைத்துக்கொண்டு அது போவதில்லை. சுவரை ஒட்டிய நீர் நகர மறுக்கும், அதன் பாகுத்தன்மை அப்படி. குமிழியின் மூக்கு, சுவருக்கும் தனக்கும் நடுவே ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுத்தான் கடந்து போகும். அந்தப் படலம் எவ்வளவு தடிமன் என்பதை 1961-இல் இங்கிலாந்தில் பிரெதர்டன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டு ஜெஃப்ரி டெய்லரும் குழாயில் மிஞ்சும் திரவத்தை அளந்து வெளியிட்டார்.

அந்தக் கணக்கின் உயிர்நாடி ஒரே ஒரு எண். திரவத்தின் பாகுத்தன்மையை வேகத்தால் பெருக்கி, பரப்பு இழுவிசையால் வகுத்தால் கிடைப்பது. தந்துகி எண் என்பார்கள். பாகுத்தன்மை திரவத்தைச் சுவரோடு இழுத்து வைக்கப் பார்க்கிறது, பரப்பு இழுவிசை மூக்கை உருண்டையாக்கிப் படலத்தைப் பிழிந்தெடுக்கப் பார்க்கிறது. இருவரின் பலத்தையும் ஒப்பிடுவதே அந்த எண். மெதுவான ஓட்டத்தில், படலத்தின் தடிமன் = குழாய் ஆரம் × 1.34 × தந்துகி எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கு.

2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் தூய நீரைக் காற்று நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று வைப்போம். படலம் சுமார் 3 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான். வேகத்தை 8 மடங்கு ஆக்கினால் படலம் 8 மடங்கு ஆகாது, 4 மடங்கு ஆகும்: 12 மைக்ரோமீட்டர். திருப்பிப் பார்த்தால் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தள்ளும் வேகத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் சுவரில் மிஞ்சுவது கால்வாசியாகிவிடும். அவசரமாக விசையை அழுத்தி ஒரே வீச்சில் காற்றை விடுவதைவிட நிதானமாகத் தள்ளுவது நல்லது.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னது குமிழியின் மூக்கு ஒரு தடவை கடந்து போவதைப் பற்றியது. கம்ப்ரசர் வைத்துப் பல நிமிடம் விடாமல் ஊதினால் கதை வேறு. அங்கே ஓடும் காற்று படலத்தையே உராய்ந்து முன்னால் நகர்த்தும், உலர்த்தவும் செய்யும். கைப்பம்பிலோ பேட்டரி பம்பிலோ அந்த அளவு காற்று கிடைக்காது.

சோப்பு ஏன் படலத்தைத் தடிப்பாக்குகிறது

முதல் காரணம் நேரடியானது. தந்துகி எண்ணில் பரப்பு இழுவிசை கீழே இருக்கிறது. 71-ஐ 30 ஆக்கினால் எண் பெரிதாகும், படலம் சுமார் 1.8 மடங்கு தடிக்கும். 3 மைக்ரோமீட்டர் என்றது ஐந்தரை ஆகும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. இந்தப் பொருளின் சுவையே அங்கேதான் இருக்கிறது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, நடுவில் சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் முழுதும் விளிம்புக்கு ஓடும். சோப்பு தொட்ட இடத்தில் இழுவிசை குறைந்தது, சுற்றிலும் அதிகமாகவே இருந்தது. அதிகம் உள்ள பக்கம் மேற்பரப்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. இழுவிசை குறைந்த இடத்தில் இருந்து கூடிய இடத்துக்கு மேற்பரப்பு ஓடும், ஓடும்போது அடியில் உள்ள நீரையும் சேர்த்து இழுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மரங்கோனியின் பெயரால் இதை மரங்கோனி விளைவு என்கிறோம்.

குழாய்க்குள் நகரும் குமிழியின் மூக்கில் இதுவே நடக்கிறது. மூக்கில் இருந்து படலத்துக்குப் போகும் வழியில் மேற்பரப்பு நீட்டப்படுகிறது. புதிதாக விரிந்த பரப்பில் சோப்பு மூலக்கூறுகள் கலைந்து நெருக்கம் குறைந்துவிடும். அங்கே இழுவிசை கூடும். மூக்கில் நெருக்கம் அதிகம், இழுவிசை குறைவு. ஆக மேற்பரப்பு மூக்கில் இருந்து படலத்தின் பக்கமாக இழுக்கப்படுகிறது. போகிற போக்கில் கூடுதல் திரவத்தைப் படலத்துக்குள் சேர்த்துவிடுகிறது. இப்படி மட்டுமே படலம் அதிகபட்சம் இரண்டரை மடங்கு வரை தடிக்கலாம் என்பது கணக்கில் வரும் எல்லை.

பிரெதர்டன் தன் சோதனையில் மிக மெதுவான ஓட்டத்தில் அளந்த படலம், அவர் கணக்குச் சொன்னதைவிடத் தடிப்பாக இருந்தது. திரவத்தில் சுவடாகக் கலந்த பரப்புச் செயலி மாசு காரணமாக இருக்கலாம் என்று அவரே எழுதினார். பிறகு 1990-இல் ராட்டுலோவ்ஸ்கி, சாங் என்ற ஆய்வாளர்கள் மரங்கோனி விளைவைச் சேர்த்துக் கணக்கிட்டு, சுவடு அளவே அந்த வேறுபாட்டுக்குப் போதும் என்று காட்டினார்கள். சுத்தம் என்று நம்பிய ஆய்வகக் குழாயிலேயே இப்படி என்றால் தெளிப்பான் குழாயில் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விநோதம் உண்டு. சோப்பைக் கூட்டிக்கொண்டே போனால் மரங்கோனி இழுப்பு வளர்ந்துகொண்டே போகாது. கரைசலில் மூலக்கூறுகள் தாராளமாக இருந்தால், நீட்டப்பட்ட பரப்பில் விழுந்த இடைவெளியை அடியில் இருந்து உடனே வந்து நிரப்பிவிடும். பரப்பெங்கும் இழுவிசை சமமாகிவிடும், ஏற்றத்தாழ்வு இல்லை, இழுப்பும் இல்லை. மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாகச் சேரும் செறிவைத் தாண்டிய பிறகு இந்த நிரப்பல் விரைவாக நடக்கும். சோப்புத் தூள்களில் காணப்படும் சோடியம் டோடெசைல் சல்ஃபேட்டுக்கு அந்தச் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம். ஆகவே மரங்கோனி இழுப்பு ஆட்டம் போடுவது நிறையச் சோப்பிலும் அல்ல, சோப்பே இல்லாத நீரிலும் அல்ல. கொஞ்சமாகச் சோப்பு இருக்கும் இடைநிலையில். ஒரே ஒரு தடவை அலசிய குழாயில் இருப்பது துல்லியமாக அந்த நிலைதான்.

எது குறுகிய குழாய்?

மேலே சொன்னதெல்லாம், குழாயின் முழு வாயையும் குமிழி அடைத்துக்கொண்டு போகும் அளவுக்குக் குழாய் குறுகியதாக இருந்தால்தான். அகலமான குழாயில் புவியீர்ப்பு ஜெயித்துவிடும்: காற்று மேல்பக்கமாக ஓட, திரவம் அடிப்பக்கம் வாய்க்கால் போலத் தங்கும். எல்லை எங்கே என்பதையும் பிரெதர்டனின் அதே கட்டுரை சொல்கிறது. மேல்முனை மூடிய செங்குத்துக் குழாயில் நீர் நிரப்பி ஒரு நீண்ட குமிழியை விட்டால், குறிப்பிட்ட விட்டத்துக்குக் கீழே அது மேலேறாது, அப்படியே நிற்கும். தூய நீருக்கு அந்த விட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இழுவிசை 30-க்கு இறங்கிய சோப்பு நீருக்கு 3.2 மில்லிமீட்டர்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயை நன்றாகக் கழுவி, நீர் நிரப்பி, இரண்டு சென்டிமீட்டர் நீளக் குமிழி ஒன்றை விட்டு, இரு முனையையும் அடைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். தூய நீரில் குமிழி ஆணி அடித்தது போல நிற்கும். லிட்டருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் அதே குமிழி மெதுவாக ஊர்ந்து ஏறும். குழாய் மாறவில்லை, தூய நீருக்குக் குறுகியதாக இருந்த குழாய் சோப்பு நீருக்கு அகலமானதாகிவிட்டது. மீன் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாயில் செய்தால் தெளிவாக வராது. பிளாஸ்டிக் சுவரைத் தூய நீர் சரியாக நனைப்பதில்லை. படலம் கிழிந்து துளித்துளியாகச் சுருண்டுவிடும். சோப்பு நீர் பிளாஸ்டிக்கையும் நனைத்து, கிழியாத படலமாக ஒட்டும். தெளிப்பானின் பிளாஸ்டிக் குழலுக்குள் ஸ்டிக்கர் கலந்த மருந்து கூடுதலாகத் தங்க இதுவும் ஒரு காரணம்.

தோளில் மாட்டும் தெளிப்பானுக்குப் பதில் நீண்ட குழாயோடு வரும் விசைத் தெளிப்பான் என்றால், அதன் குழாயின் உள்விட்டம் பொதுவாக 8.5 மில்லிமீட்டர். எந்தக் கணக்குப்படியும் அது அகலக் குழாய்தான். அங்கே மிஞ்சுவதைத் தீர்மானிப்பது படலம் அல்ல, தொய்வு. தரையில் வளைந்து கிடக்கும் குழாயின் ஒவ்வொரு பள்ளத்திலும் திரவம் குட்டை கட்டும், காற்று அதன் மேலால் தப்பிப் போகும். 50 மீட்டர் குழாயின் முழுக் கொள்ளளவு 2.8 லிட்டர், 100 மீட்டருக்கு 5.7 லிட்டர். அதில் இருபதில் ஒரு பங்கு பள்ளங்களில் நின்றாலே 100 மீட்டர் குழாயில் கால் லிட்டருக்கு மேல் மருந்து இருக்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயில் நடுவே குமிழி நின்றால் மட்டம் தவறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே குமிழியை எடுக்கக் குழாயைத் தூக்கித் தட்டுவார்கள். இங்கே எடுக்க வேண்டியது குட்டைகளை. செய்கை ஒன்றே: ஒரு முனையை உயர்த்தி, கை மாற்றி மாற்றிக் குழாயின் முழு நீளத்தையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டே நடப்பது.

படலம் மீண்டும் அடைப்பாக மாறும்போது

சுவரில் விட்ட படலம் அப்படியே இருக்காது. குறுகிய குழாயின் உள்சுவரில் உள்ள திரவப்படலம் அலையலையாகத் திரண்டு வளையங்களாகும். தடிமன் ஆரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் வளையங்கள் நடுவில் ஒன்றுசேர்ந்து குழாயையே மறித்துவிடும். சற்று முன் காற்று வழிந்த பாதை இப்போது நீர் அடைப்பு. பரப்புச் செயலி இந்தத் திரள்வைப் பல மடங்கு மெதுவாக்கும், நிறுத்தாது. நம் நுரையீரலின் நுண்குழாய்கள் மூச்சை வெளியே விடும் கடைசிக் கட்டத்தில் மூடிக்கொள்வதும் இப்படித்தான். அங்கே உடலே ஒரு பரப்புச் செயலியைச் சுரந்து, அடுத்த மூச்சில் காற்று எளிதாக அடைப்பைத் திறக்க வைக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதிய அளவு சுரந்திருக்காது என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் கண்டறிந்தார்கள். இன்று அந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் பரப்புச் செயலியையே மருந்தாக விடுகிறார்கள்.

அடைப்புகள் வரிசையாகச் சேர்ந்தால் அதுவே நுரை. ஒவ்வொரு குமிழிக்கும் குழாயில் நகர ஒரு கூடுதல் அழுத்தம் வேண்டும். நூறு குமிழிக்கு நூறு மடங்கு. பரப்புச் செயலி இருந்தால் குமிழி ஒவ்வொன்றின் தடையும் கூடும், குமிழிகள் உடையாமலும் நிற்கும். சோப்பு போட்டுக் கழுவிய தெளிப்பானில் விசையை அழுத்தினால் நாசிலில் விட்டு விட்டுத் துப்புவது இதன் விளைவுதான், பம்பு கெட்டுப்போகவில்லை. நரிமணம், கமலாபுரம், குத்தாலம் என்று காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: எரிவாயுக் கிணற்றுக் குழாயில் நீர் தேங்கி வாயு மேலே வர முடியாமல் போகும்போது, உலகின் பல இடங்களில் சோப்புக் குச்சிகளைக் கிணற்றுக்குள் போடுகிறார்கள். நீர் நுரையாகி எடை குறைந்து வாயுவோடு சேர்ந்து ஏறிவிடும். அங்கே நுரை உதவுகிறது, தெளிப்பானில் அதே நுரை மருந்தைத் தாங்கி வைத்துக்கொள்கிறது.

கழுவும் கணக்கு

டேங்கு, பம்பு, குழாய், குழல் எல்லாவற்றிலும் சேர்த்து வடித்த பிறகும் 200 மில்லி தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 லிட்டர் நீரை ஒரே தடவையில் ஊற்றி அலசிக் கொட்டினால், தங்கும் 200 மில்லியில் மருந்தின் செறிவு 31-இல் ஒரு பங்கு. அதே 6 லிட்டரை இரண்டு இரண்டு லிட்டராக மூன்று தடவை ஊற்றி ஒவ்வொரு முறையும் முழுக்க வடித்தால் 1331-இல் ஒரு பங்கு. ஒரு ஹெக்டேருக்கு 1 கிலோ வீரியப் பொருளை 500 லிட்டர் நீரில் கலந்து அடிக்கும்போது கரைசலில் லிட்டருக்கு 2 கிராம் இருக்கும். முதல் முறையில் லிட்டருக்கு 64 மில்லிகிராம் மிஞ்சுகிறது, இரண்டாவதில் ஒன்றரை மில்லிகிராம். நீர் ஒன்றே, உழைப்புதான் சற்றுக் கூடுதல். ஆனால் 200 மில்லிக்குப் பதில் 400 மில்லி தங்கினால் அந்த 1331 வெறும் 216 ஆகிவிடும். கழுவுவதைவிட வடிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனவே கையுறையோடு, மருந்து அடித்த அதே வயலின் ஓரத்தில், மருந்து உலர்வதற்கு முன் தொடங்க வேண்டும். முதலில் நாசிலையும் சல்லடையையும் கழற்றி ஒரு குவளை நீரில் போட்டுவிட வேண்டும். டேங்கில் 2 லிட்டர் ஊற்றிக் குலுக்கி, நாசில் இல்லாத குழல் வழியாக முழுவதையும் அடித்து வெளியேற்ற வேண்டும். காற்று வரத் தொடங்கியதும் நிறுத்தாமல், விசையைப் பாதி அழுத்தத்தில் வைத்து மெதுவாக ஓடவிட்டு, குழலைக் கீழ்நோக்கியும் குழாயைத் தூக்கியும் வடிக்க வேண்டும். இரண்டாவது தடவையும் அப்படியே. 2,4-டி என்றால் மூன்றாவது நீரில் லிட்டருக்கு 10 மில்லி வீட்டு அம்மோனியாவோ, ஒரு கைப்பிடி சலவைச் சோடாவோ கலந்து, குழாய் வரை நிரப்பி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். ரப்பருக்குள் இறங்கிய மருந்து வெறும் அலசலுக்கு வெளியே வராது. அம்மோனியாவோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

சோப்பு போடுவதானால் இந்த நடுக்கட்டத்தில்தான் போட வேண்டும், தாராளமாகவே போடலாம். எண்ணெய்க் குழம்பு வகை மருந்துகளைப் பெயர்த்தெடுக்க அது வேண்டும். கடைசி இரண்டு அலசல்கள் சோப்பு இல்லாத நீரில் இருக்க வேண்டும், நுரை அடங்கும் வரை. சுவடாகச் சோப்பு தங்கிய நீர்தான் படலத்தைத் தடிப்பாக விடும் என்பதை மேலே பார்த்தோம்.

வேதாரண்யம், நாகை கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பும் கடினத்தன்மையும் உள்ள போர் தண்ணீரில் காதி சோப்பைக் கரைத்தால் அது கால்சியத்தோடு சேர்ந்து தயிர்க்கட்டி போலத் திரியும். பரப்பு இழுவிசை குறையாது, சல்லடைதான் அடைபடும். வேப்ப எண்ணெய்க் கரைசலுக்குச் சோப்பு சேர்த்தும் எண்ணெய் மிதக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. அங்கே டீபால் போன்ற டிடர்ஜென்ட் வகை லிட்டருக்கு 1 மில்லி போதும்.

அலசிய நீரை வாய்க்காலில் கொட்டக் கூடாது. டெல்டாவில் ஒரு வாய்க்கால் தண்ணீர் அடுத்த வயலுக்கும், அதற்கடுத்த குளத்துக்கும் போய்ச் சேரும். மருந்து அடித்த வயலிலேயே பரவலாகத் தெளித்துவிடுவதுதான் சரி. ஊறவைத்த அம்மோனியா நீரைப் பயிர் இல்லாத மேட்டில், கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளி ஊற்ற வேண்டும்.

பருத்தியில் இலை சுருங்கிவிட்டது, மருந்து மிச்சமா பூச்சியா என்ற குழப்பம் வந்தால், தெளிக்க ஆரம்பித்த மூலையைப் பாருங்கள். தத்துப்பூச்சியோ இலைப்பேனோ முதல் டேங்கு எது என்று பார்த்துத் தாக்காது. தெளிப்பான் மிச்சம் என்றால் முதல் டேங்கு போன பாதையில் பாதிப்பு கடுமையாக இருக்கும், இரண்டாவது டேங்கில் குறையும், மூன்றாவதில் தேடினாலும் கிடைக்காது. குழாயில் நின்றது எவ்வளவு, எங்கே கரைந்து முடிந்தது என்பதை வயலிலேயே காலடியால் அளந்துவிடலாம்.

அந்த நிலைக்கு வராமல் இருக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பருத்திக்கோ பயறுக்கோ போவதற்குச் சில நாள் முன்பு, கடைசி அலசல் நீரைத் தொட்டியில் வளர்ந்த நான்கைந்து தக்காளி நாற்றுகள் மேல் தெளித்து, வேறு நான்கைந்தை வெறும் நீர் தெளித்துப் பக்கத்தில் வையுங்கள். தக்காளி 2,4-டி-க்கு விரைவில் முகம் காட்டும். ஓரிரு நாளில் இலைக்காம்பு கீழ்நோக்கி வளைந்து தண்டு முறுக்கினால், இன்னும் மூன்று அலசல் பாக்கி இருக்கிறது.